தகரப் பெட்டியில் ஒரு பிராங்கிளின்

மாரி ஓய்ந்து, வாவி நீர் தெளியத் தொடங்கியிருந்த ஒரு மாலைப் பொழுதில், ஆரையம்பதியிலிருந்து மாணவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். கையிலே பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று; உடன் அவருடைய அம்மம்மா. முத்திரை சேகரிப்பில் நமக்குள்ள பித்து இவ்வட்டாரத்தில் சிலருக்குத் தெரியும். ஆதலின் இத்தகைய விருந்தினர் வருகை நமக்குப் புதிதன்று. ஆனால் இவர் வந்த வேகம் புதிது. நாற்காலியில் அமருமுன்னரே பெட்டியைத் திறந்து, நீல நிற முத்திரை ஒன்றை விரல் நுனியால் எடுத்து நீட்டினார்.

"ஐயா, இது பெஞ்சமின் பிராங்கிளின். அமெரிக்க முத்திரை, ஒரு சதம். இதே முத்திரை நாற்பத்து மூன்று இலட்சம் டொலருக்கு விலைபோனதாகப் படித்தேன். தங்கச்சியின் படிப்புக்கு இது போதும்தானே?"

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. நம் முகத்தையே பார்த்திருந்தார்.

முத்திரையை விரலால் தொடலாகாது, சாமணத்தால் எடுத்தல் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தோம். அது அவ்வேளைக்குரிய பேச்சன்று என அடக்கிக்கொண்டோம்.

மாணவர் படித்தது பொய்யன்று. 1860களில் அமெரிக்கத் தபால் அதிகாரிகளுக்கு ஒரு கவலை இருந்தது. ஒரு முறை பயன்படுத்திய முத்திரையின் மேலுள்ள மையைக் கழுவிப் போக்கி, அதனையே மறுபடியும் ஒட்டி அனுப்புவோர் பெருகிவிடுவரோ என்பதே அது. சார்ள்ஸ் ஸ்டீல் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். நுண்ணிய கூம்பு முனைகளால் முத்திரையை அழுத்தித் தாளின் நாரை உடைத்துவிட்டால், மை உள்ளே ஊறிவிடும், கழுவினாலும் போகாது. அம்முனைகள் பதித்த தழும்பையே சேகரிப்போர் 'கிரில்' என்பர். பிற்காலத்தில் வில்லியம் ஸ்டீவன்சன் என்னும் ஆராய்வாளர், தழும்பின் அளவையும் அமைப்பையும் நோக்கி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இட்டார். அவற்றுள் 'இசட்' என்னும் வகை ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் அகலமும் 14 மில்லிமீற்றர் உயரமும் உடையது; அதன் முனைகளின் விளிம்பு கிடையாக அமைந்திருக்கும்.

அத்தழும்பு பெற்ற 1868 ஆம் ஆண்டின் ஒரு சத நீல முத்திரைகள் இன்று உலகில் இரண்டே அறியப்பட்டுள்ளன. ஒன்று நியூயோர்க் பொது நூலகத்துக்கு உரிய மில்லர் சேகரிப்பைச் சேர்ந்தது. அது சந்தைக்கு வாராது. மற்றையதை 2005 இல் பில் குரோஸ் என்னும் செல்வர் பெற்றார். பணம் கொடுத்துப் பெற்றாரல்லர். விமானம் தலைகீழாக அச்சாகிப்போன 1918 ஆம் ஆண்டு முத்திரைகள் நான்கு சேர்ந்த தொகுதி ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 2024 யூன் மாதம் நியூயோர்க்கில் நடந்த ஏலத்தில் அவ்வொற்றைத் தாள் 4,366,000 டொலருக்கு விலைபோயிற்று.

இச்செய்தி கைத்தொலைபேசி வழியாக ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அதனோடு சேர்ந்து வரவேண்டிய மற்றைய செய்திகள் வாராமற்போனதே இடர்.

அவற்றுள் முதலாவது, பழமை வேறு, அருமை வேறு என்பது. கொலம்பஸ் அமெரிக்கா சென்ற 400 ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1893 இல் 16 முத்திரைகள் வெளியாயின. அவற்றுள் இரண்டு சத முத்திரை 146 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டது. அதே வரிசையின் ஐந்து டொலர் முத்திரையோ 27 ஆயிரத்துச் சொச்சமே. இரண்டும் ஒரே ஆண்டின, ஒரே அச்சகத்தின. முன்னதைச் சிறுவர் கைச்செலவுப் பணத்தில் வாங்கலாம். பின்னதற்கு வீட்டை அடகு வைக்க நேரும். இனி, அரிய முத்திரை எதுவோ அதற்கே போலியும் மிகுதி. கிரில் இல்லாத முத்திரையில் கள்ளத் தழும்பு பதிப்போர் நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றனர். அமெரிக்காவின் முதற் பொது முத்திரைகளான 1847 ஆம் ஆண்டின் ஐந்து சதம், பத்துச் சதம் இரண்டையும், பிலடெல்பியாக் கண்காட்சிக்காக அரசே 1875 இல் மீண்டும் அச்சிட்டது. எனவே பெரு விலைக்கு உரியதென்று தோன்றும் எதனையும், நியூயோர்க்கில் 1945 முதல் இயங்கும் பிலற்றெலிக் பவுண்டேசன் போன்ற ஓர் ஆய்வு நிலையத்தின் சான்றிதழ் இன்றி அறிந்தவர் வாங்கார்.

மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, பூதக்கண்ணாடியை எடுத்தோம். மாணவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

முதற் பார்வையிலேயே விடை கிடைத்துவிட்டது; ஆயினும் உடனே சொல்ல மனம் வரவில்லை. முத்திரையின் மேல் மூலைகள் இரண்டிலும் சிறு முக்கோணங்கள் இருந்தன. 1894 இல் அமெரிக்க அரசின் அச்சகமே முத்திரை அச்சிடும் பணியைத் தனியாரிடமிருந்து ஏற்றுக்கொண்டபோது, பழைய வரைவில் தன் அடையாளமாகச் சேர்த்த முக்கோணங்கள் அவை. பின்னர் கறுப்புத் தட்டில் முத்திரையைக் கவிழ்த்து வைத்து, பென்சீன் இரு துளி விட்டோம். (பிள்ளைகள் இதனைத் தனியே செய்தலாகாது, அது தீப்பற்றும் பொருள்.) இரட்டைக் கோட்டில் எழுதிய ஓர் எழுத்தின் பாதி, நீர்க்குறியாகத் தாளில் தோன்றி மறைந்தது. நீர்க்குறித் தாள் 1895 இல் வந்தது. 1898 இல் ஒரு சத முத்திரையின் நிறம் நீலத்திலிருந்து பச்சையாயிற்று. ஆகவே நம் பிராங்கிளின் பிறந்தது இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில். கிரில் வழக்கொழிந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து. அவருக்குக் கோடிக்கணக்கில் உடன்பிறந்தார் உண்டு.

மாணவர் முகம் வாடிற்று. "பட்டியலில் ஏதாவது விலை போட்டிருப்பார்கள்தானே, ஐயா?" என்றார்.

போட்டிருப்பார்கள். ஸ்கொட் விலைப்பட்டியலில் மிகச் சாதாரண முத்திரைக்கும் ஓர் அடிமட்ட விலை உண்டு. அது முத்திரையின் விலையன்று. வணிகர் அதனைத் தேடி எடுத்து, உறையிலிட்டு அனுப்பும் உழைப்பின் விலை. அதற்கு மேற்பட்ட விலைகளும் குறையற்ற முத்திரைக்கே உரியவை. பல் ஒன்று ஒடிந்தாலும், படம் ஒரு பக்கம் ஒதுங்கினாலும், தாள் மெலிந்தாலும் விலை சரியும். விற்கப் போவோருக்கு அதிலும் ஒரு பங்கே கிட்டும்.

இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நமக்கு வேறொரு வினா எழுந்தது. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்ப ஐந்து சதம் வேண்டும். ஒரு சத முத்திரை தனியே எப்படி இங்கு வந்தது?

"அம்மா, இவை யாருக்கு வந்தவை?" என்று கேட்டோம்.

"என்ட அப்பப்பாவுக்கு. அவர் யாழ்ப்பாணத்தில வெள்ளைக்காறரிட்டப் படிச்சவர். படிப்பிச்ச துரை ஊருக்குப் போன பிறகும் பேப்பர் அனுப்பிக்கொண்டே இருந்தவராம்."

முடிச்சு அவிழ்ந்தது. அச்சிட்ட தாள்களுக்கு இரண்டு அவுன்சுக்கு ஒரு சதம் என்பதே அன்றைய கட்டணம். செய்தித்தாளைச் சுருட்டி, அதன்மேல் ஒரு பட்டைத் தாளைச் சுற்றி, முகவரி எழுதி, ஒரு சதம் ஒட்டி அனுப்பியிருக்கிறார் அந்த ஆசிரியர். அமெரிக்க மிசனரிமார் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அமெரிக்கா முதன்முதல் முத்திரை வெளியிட்டதும் ஒரே ஆண்டில், 1847 இல். 1877 இல் இலங்கை உலகத் தபால் ஒன்றியத்தில் சேருமுன், அமெரிக்கக் கடிதம் இங்கிலாந்தின் வழியே, நாட்டுக்கு நாடு கட்டணப் பங்கு குறிக்கப்பட்டு வரவேண்டியிருந்தது. அக்குறிகள் நிறைந்த உறையொன்று கிடைப்பின், ஒட்டியிருக்கும் முத்திரையினும் உறைக்கே விலை அதிகம். பட்டைத் தாளோ அதனினும் அரிது. கடித உறையைப் பேணுவோர் உண்டு. செய்தித்தாள் சுற்றி வந்த பட்டையை யார் பேணுவார்? வந்தவுடன் கிழித்தெறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. மட்டக்களப்பு என்று முகவரி எழுதிய ஒன்று, 1890களின் தபாற் குறியோடு முழுதாய் இருக்குமாயின், அதனைத் தேடுவோர் இன்றும் இருக்கின்றனர்.

"தம்பி, இம்முத்திரை ஒட்டியிருந்த தாள் எங்கே?"

"தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினேன், ஐயா. தாளையெல்லாம் குப்பையோடு எரித்துவிட்டோம்."

"எப்போது?"

"போன கிழமை."

நாம் சற்று நேரம் வாளாவிருந்தோம். இவ்வூரில் தாள் பிழைத்திருப்பதே பெரிது. ஐப்பசி முதல் தை வரை வாவியின் ஈரம் சுவரில் ஊறும். பசையுள்ள முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எடுத்து, நிழலில் விரித்து ஆறவிடாத சேகரிப்பு இங்கே பத்தாண்டு தாங்காது. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனபோது எத்தனை வீடுகளின் பத்திரமும் கடிதமும் நனைந்து கூழாயின! எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டது. இரண்டுக்கும் தப்பிய தாள்கள் ஒரு பேசின் தண்ணீருக்குத் தப்பவில்லை. அப்பிள்ளையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நாமும் பன்னிரண்டாம் வயதில் அவ்வாறே ஊறவைத்தவர்தாம். எதை ஊறவைத்தோம் என்பதை இங்கு எழுத நாணுகிறோம்.

பெட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில், துருவோடு ஒட்டி மடிந்துகிடந்தது பழுப்புத் தாள் ஒன்று. பெட்டிக்கு விரிப்பென எண்ணி மாணவர் அதனைத் தொடாதிருந்திருக்கிறார். பிடுங்கவில்லை. மூடியில் ஈர ஒற்றுத்தாள் வைத்து, இரவு முழுதும் பெட்டியை மூடிவைத்தோம். மறுநாள் அவர்கள் வந்தபோது தாள் தானே நெகிழ்ந்து எழுந்தது. ஓரம் பூச்சி அரித்திருந்தது. நடுவே துருக் கறை. ஆயினும் நீலப் பிராங்கிளின் தன் இடத்தில் இருந்தார். தபாற் குறியின் பாதி அவர்மேலும் பாதி தாளின்மேலும் விழுந்திருந்தது. அதன் கீழ், சாய்ந்த கையெழுத்தில் ஒரு பெயர். அடுத்த வரியில் மட்டக்களப்பு, சிலோன்.

அம்மம்மா முத்திரையைப் பார்க்கவில்லை. பெயரை வாசிக்கச் சொன்னார், வாசித்தோம். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

"இதற்கு என்ன விலை வரும், ஐயா?" என்று மாணவர் கேட்டார். கறையைத் துடைக்க வேண்டாம், ஓரத்தைக் கத்தரிக்க வேண்டாம், வழியில் காணும் முதல் வணிகரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து, தபால் வரலாற்று ஏலம் நடத்துவோர் இருவர் மூவருக்கு அனுப்பிக் கேட்போம் என்றோம். தங்கையின் படிப்பு முழுவதற்கும் இது காணாது என்பதையும் மறைக்கவில்லை. புத்தகச் செலவுக்கு உதவலாம்.

"விக்கிறதெண்டா பிறகு பாப்பம், மனே," என்றார் அம்மம்மா.

இரண்டு மட்டைகளுக்கிடையில் தாளை வைத்துக் கட்டிக் கொடுத்தோம். மாணவர் புறப்படவில்லை. பெட்டியிலிருந்த நீல முத்திரைகளை, இம்முறை நம் சாமணத்தால், ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்து எண்ணினார். பதினேழு இருந்தன.