தொழுவ வாசமும் தோல்ஷாப்பு நாத்தமும்

என் அப்பா திண்டுக்கல் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்ததும் இரண்டு தரம் குளிப்பார். அப்படியும் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போவான். பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுத வந்தது விஸ்கியைப் பற்றி.

வேலை நிமித்தம் எடின்பரோவில் இருந்தபோது நம் ஊர் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். சிங்கிள் மால்ட் ருசி பார்க்கிற கூட்டம். ஒரே ஆலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, செம்புக் கொப்பரையில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஊறினால்தான் அந்தப் பெயர். குடிக்க அவசரப்படக் கூடாதாம். முதலில் மோந்து பார்க்கணும், இரண்டு சொட்டுத் தண்ணீர் விடணும், மறுபடி மோக்கணும். மென்மையானதில் தொடங்கிப் புகையடிக்கிறதில் முடிக்கணும்.

முதல் தம்ளர் கிளைனலிஷ். மெழுகுவத்தி வாசம். வடித்த சரக்கு சேரும் தொட்டியில் படிகிற கசடுதான் அதற்குக் காரணமாம். தொட்டியைச் சுரண்டிக் கழுவினால் அந்த வாசம் போய்விடுமாம். அடுத்தது ஐலா தீவின் லஃப்ராய்க். கரிப்புகை, அயோடின், ஆஸ்பத்திரி. கடைசியில் 1970களின் தொடக்கத்தில் காய்ச்சிய பிரோரா. ஏலத்தில் வாங்கியது, ஆளுக்கு ஒரு மூடி அளவு. நண்பர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆகா! மாட்டுத்தொழுவம்! ஈரத்தோல்!" எல்லோரும் சொக்கிப்போனார்கள். "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று என்னைக் கேட்டார். "பழவாசம்" என்றேன்.

அந்தப் பொய்தான் என்னை எழுத வைக்கிறது.

தொழுவத்தைக் கூட்டி அள்ளியவர்கள் நாங்கள். தோலை உரித்து, ஊறவைத்து, மிதித்தவர்கள் நாங்கள். எங்கள் மேலடித்தால் நாத்தம். லட்ச ரூபாய் சீசாவுக்குள் போனால் நறுமணம். மூக்கு ஒன்றுதானே அய்யா? ருசி நாக்கில் இருக்கிறது என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். அது யாருடைய நாக்கு என்பதில்தான் இருக்கிறது.

பிரோரா ஆலையின் கதையையும் கேளுங்கள். 1819-இல் கிளைனலிஷ் என்ற பெயரில் அதைக் கட்டியவன் ஸ்டாஃபர்ட் பிரபு. சதர்லாந்துச் சீமாட்டியின் புருஷன். அதே வருடம் அவர்களுடைய எஸ்டேட்டில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் கீலிக் சனங்களை ஆட்டுப் பண்ணைக்காக விரட்டி, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1814-இல் செய்த கொடுமைக்காக பாட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் அதிகாரி மீது 1816-இல் வழக்கு நடந்தது, விடுதலையானான். விரட்டப்பட்டவர்களைக் கடலோரத் துண்டு நிலங்களில் தள்ளினார்கள். குடியானவர்கள் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதை ஒழிக்கணும், எஸ்டேட் தானியத்துக்கு விலை கிடைக்கணும், அதற்குத்தான் பிரபு ஆலை கட்டினான். சனங்கள் காய்ச்சினால் குற்றம், பிரபு காய்ச்சினால் தொழில். 1983-இல் மூடிய அந்த ஆலையை 2021-இல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

அந்தக் குடியானவனும் நாமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கப்பலேறிக் கனடா போனவன் அங்கே பூர்வகுடிகளின் மண்ணில் நிலக்காரன் ஆனான். நமக்கு எந்தக் கப்பலும் சாதியைக் கழற்றித் தரவில்லை. எடின்பரோ வரைக்கும் அது என் கூடவே வந்தது.

இங்கே 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து சில்லறைச் சாராய வியாபாரம் அரசாங்கத்தின் கையில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு இதே ரசிக நண்பர் சொன்னார்: "இவங்களுக்கு நாக்குல கட்டுப்பாடே கிடையாது." மூன்று தம்ளர் வரிசையாக வைத்துக் குடித்த வாய் அது.

'அப்படியானால் குடியை நியாயப்படுத்துகிறாயா?' என்று தோழர்கள் கேட்பீர்கள். என் அம்மா சாராயத்தால் உதைபட்டவள். குடியை வாழ்த்தி எழுத என் கை ஓடாது. நம் சேரிகளில் குடியை எதிர்த்து நிற்கிற பெண்களின் பக்கம்தான் நான். ஆனால் ஒரே சரக்கு ஒருத்தனுக்கு ரசனை, இன்னொருத்தனுக்கு ஒழுக்கக்கேடு என்று பிரித்து வைக்கிறானே, அந்தத் தராசை உடைக்காமல் நமக்கு மதுவிலக்கு உபதேசம் செய்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

ருசி தெரிந்த கனவான்களே, அடுத்த தடவை தம்ளரை மூக்கருகில் வைத்துக்கொண்டு 'தோல்' என்று சொல்லும்போது, அதை உரித்தவன் யார், ஊறவைத்தவன் யார், அவன் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பழவாசம் என்று பொய் சொன்னேன். இப்போது சொல்கிறேன். அந்தத் தம்ளரில் என் அப்பா வாசம் அடித்தது.