நாரையா, முதலையா?



கணினியில் பூங்கா கட்டும் விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2018-ல் வெளிவந்த ‘ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன்’ அந்த வகையைச் சேர்ந்தது. அதில் டைனோசர்களுக்கு வேலி போட வேண்டும். தீனி வைக்க வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் டைனோசருக்குக் கோபம் வந்துவிடும். வேலியை உடைத்துக்கொண்டு கிளம்பிவிடும்!

இந்த விளையாட்டை விளையாடும் பிள்ளைகளுக்கு டைரனோசாரஸ் மட்டும் போதவில்லை. மீன் பிடிக்கும் டைனோசர் வேண்டும், பாதி நேரம் தண்ணீரிலும் பாதி நேரம் கரையிலும் வாழும் டைனோசர் வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். இன்று அவற்றைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

மீன் தின்னும் டைனோசர்களில் பெயர் பெற்றது ஸ்பைனோசாரஸ். 2001-ல் வந்த ‘ஜுராசிக் பார்க் 3’ படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். அதாவது, மதுரை டவுன் பஸ்ஸை விடவும் நீளம்! முதுகில் பாய் விரித்தது போல ஓர் அமைப்பு. அதைத் தாங்கிய எலும்பு முட்களே ஒரு பெரிய மனிதரின் உயரம் இருந்தன. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வட ஆப்பிரிக்காவில் அது வாழ்ந்தது. இன்று அங்கே இருப்பது சகாரா பாலைவனம். அன்று அங்கே பெரிய ஆறுகள் ஓடின. அவற்றில் ஆளை விடப் பெரிய மீன்கள் நீந்தின.

சரி, அது மீன் தின்றது என்று எப்படித் தெரியும்? கூடவே இருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லையே! இங்கேதான் விஞ்ஞானிகள் துப்பறிவாளர்கள் ஆகிறார்கள்.

முதல் துப்பு, பல். டைரனோசாரஸின் பல் ரம்பம் போல விளிம்பு உடையது, சதையை அறுக்கும். ஸ்பைனோசாரஸின் பல் கூம்பு போலக் கூரானது. வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க அதுதான் வசதி. வட இந்திய ஆறுகளில் வாழும் கரியால் என்ற நீள்மூக்கு முதலைக்கும் அப்படித்தான் குறுகிய நீண்ட வாயும் கூரிய பற்களும் உண்டு. அதன் முக்கிய உணவும் மீன்தான். சென்னைக்கு அருகில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போனால் கரியாலை நேரில் பார்க்கலாம்.

இரண்டாவது துப்பு, வயிறு. 1983-ல் இங்கிலாந்தில் ஒரு களிமண் குழியில் வில்லியம் வாக்கர் என்பவர் பெரிய நகம் ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் பேராசிரியர் அல்ல. குழாய் பழுது பார்க்கும் பிளம்பர். அந்த நகம் உங்கள் அடிஸ்கேல் அளவு நீளம்! தொடர்ந்து தோண்டியபோது எலும்புக்கூடே கிடைத்தது. அதற்கு பேரியோனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் விலா எலும்புகளுக்கு நடுவே, வயிற்று அமிலத்தில் அரிக்கப்பட்ட மீன் செதில்கள் இருந்தன. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால், ஒரு கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. ஸ்பைனோசாரஸ் மீனை எப்படிப் பிடித்தது?

மொராக்கோ நாட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அது பாதி நீர்வாழ் விலங்கு என்று 2014-ல் சொன்னார்கள். 2020-ல் அதன் வால் கிடைத்தது. துடுப்பு போலத் தட்டையான வால்! ‘அப்படியானால் முதலை போல நீந்தியே வேட்டையாடியது’ என்றார்கள். 2022-ல் ஒரு குழு, ‘இதன் எலும்புகள் பென்குவினுக்கு இருப்பது போலக் கெட்டியானவை; எனவே நீரில் மூழ்கியிருக்கும்’ என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு மறுத்தது. ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டு நன்றாக நீந்த முடியாது. நாரையைப் போல ஆழமில்லாத நீரில் நின்றுதான் மீனைக் கவ்வியிருக்கும்’ என்றது. நாரையா, முதலையா? வழக்கு இன்னும் நடக்கிறது.

குழந்தைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன விலங்கைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் எதைப் பார்க்கிறார்கள்? இன்று உயிரோடு இருக்கும் நாரையை, முதலையை, பென்குவினைப் பார்க்கிறார்கள். இவை இல்லாவிட்டால் அந்த எலும்பு நமக்கு எதையும் சொல்லாது.

இன்னொரு சேதியும் உண்டு. 1996-ல் சீனாவில் இறகு போன்ற மெல்லிய போர்வையோடு ஒரு சின்ன டைனோசர் கிடைத்தது. அதன் பிறகும் அப்படிப் பல கிடைத்தன. பறவைகள் டைனோசர் குடும்பத்தில் பிறந்தவை என்பதை இன்று விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனவே டைனோசர்கள் முழுவதும் அழியவில்லை. காலையில் உங்கள் வீட்டு மாடியில் கத்தும் காகமும் அந்தக் குடும்பம்தான்!

அப்படியானால் மீன் தின்னும் டைனோசர் எங்கே இருக்கிறது? நம் கண்மாயில் இருக்கிறது.

வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் போகும்போது பாருங்கள். கரையோர மரத்தில் சிறகை விரித்து வைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். அது நீர்க்காகம். மூழ்கி மீன் பிடித்ததில் நனைந்த சிறகை வெயிலில் காய வைக்கிறது. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே தெரியும். அது தன் கூரிய அலகால் மீனைக் குத்தும். பிறகு மேலே தூக்கிப் போட்டு விழுங்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துத் ‘தொபக்’ என்று குதிக்கும். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே ஒரு வலைப்பையே இருக்கும். நாரை அசையாமல் நிற்கும். நம் பொறுமைதான் போய்விடும்!

இவை ஸ்பைனோசாரஸின் பேரப் பிள்ளைகள் அல்ல. ஒன்றுவிட்ட தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால், மீன் என்ற அதே உணவுக்காக எத்தனை விதமான அலகு, எத்தனை விதமான உத்தி!

இந்த உயிருள்ள டைனோசர்களுக்காக நம் பக்கத்திலேயே ஒரு பூங்கா இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது வேட்டங்குடி. அங்குள்ள மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக வந்து, கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும்.

அந்தப் பறவைகள் வரும் காலத்தில்தான் தீபாவளியும் வரும். வெடிச் சத்தம் கேட்டால் பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் அல்லவா? அதனால் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். அதற்காக வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுவதும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். அந்த ஊரிலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வெடி என்றால் ஆசை இருக்காதா? டி.வி.யில் ஊரெல்லாம் வெடிப்பதைப் பார்க்கிறார்கள். ஆனாலும் கூட்டில் இருக்கும் குஞ்சுக்காகச் சும்மா இருக்கிறார்கள். கணினி விளையாட்டில் பூங்காவைக் காக்கப் பணம் சேர்க்க வேண்டும். இங்கே பூங்காவைக் காப்பது அந்தப் பிள்ளைகளின் மனசு!

அவர்கள் இவ்வளவு செய்தாலும், தண்ணீர் இல்லை என்றால் எதுவும் இல்லை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டுகளில் பறவைகள் வராமல் போனதும் உண்டு. மீன் தின்னும் உயிர் தண்ணீரை நம்பித்தான் வாழ்கிறது. தண்ணீர் போனால் மீன் போகும். மீன் போனால் அதுவும் போகும்.

மதுரையில் தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம் என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். பெயரில் குளம் இருக்கிறது. போய்ப் பார்த்தால் வீடும் கடையும்தான் இருக்கின்றன. குளத்தைத் தூர்த்தால் அங்கே மறுபடியும் பெயரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஸ்பைனோசாரஸுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதன் எலும்புகள் முதன்முதலில் 1912-ல் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்தன. எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் 1915-ல் அதற்குப் பெயர் வைத்தார். மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் வைத்திருந்த அந்த எலும்புகள், 1944-ல் போர் விமானங்கள் போட்ட குண்டில் அழிந்தன. அவர் எழுதிய குறிப்பும் வரைந்த படங்களும் சில புகைப்படங்களும்தான் மிஞ்சின. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, மனிதர் கைக்கு வந்து 32 ஆண்டுகளில் போய்விட்டது!

கணினியில் பூங்கா பாழானால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். கண்மாய்க்கு அந்தப் பொத்தான் கிடையாது.

எனவே இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. அப்பா, அம்மா, அல்லது தாத்தாவுடன் உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். கரையில் அரை மணி நேரம் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். எந்தப் பறவை மீன் பிடிக்கிறது? நின்று பிடிக்கிறதா, நீந்திப் பிடிக்கிறதா, குதித்துப் பிடிக்கிறதா? நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பிளாஸ்டிக் பை எதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

நாரையா, முதலையா என்ற வழக்கில் நாளை சாட்சி சொல்லப் போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். அதற்கு அப்போதும் கண்மாயில் நாரை இருக்க வேண்டும் அல்லவா?

அன்புடன்,
ஆசிரியர்