உலகம் அழியுற படங்களில் எது நிஜமாகவே பயமுறுத்துது?

ரோலண்ட் எம்மெரிக்கின் '2012' படத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமே பிளந்து கடலுக்குள் சரிகிறது. தியேட்டரில் யாராவது பயந்தார்களா? பாப்கார்ன்கூட சிந்தியிருக்காது. ஹீரோ குடும்பம் தப்பிச்சிடும்னு எல்லாருக்கும் தெரியும்.

இது சினிமா கண்டுபிடிச்சதும் இல்லை. 1850-களிலேயே ஆங்கில ஓவியர் ஜான் மார்ட்டின், மலைகள் தலைகீழாகப் புரளும் பிரம்மாண்ட ஓவியங்களை வரைந்தார். ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள், கூட்டம் அள்ளியது. அழிவு எப்பவுமே நல்ல வேடிக்கைதான்.

1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏபிசி டிவியில் வந்த 'தி டே ஆஃப்டர்' வேற ரகம். அணுகுண்டு விழுவது கான்சாஸ் சிட்டியில். அதன்பிறகு கதை, பக்கத்து ஊரான லாரன்ஸில் மிஞ்சியவர்களைப் பற்றியது. சுமார் 10 கோடி பேர் பார்த்தார்கள். குண்டு விழுந்த பிறகு விளம்பர இடைவேளையே கிடையாது. முன்கூட்டியே படத்தைப் பார்த்த அதிபர் ரீகன், மனம் ரொம்பவே சோர்ந்துபோனதாக டைரியில் எழுதினார். 1987-ல் அவரும் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். படத்தால்தான் அது நடந்தது என்பதெல்லாம் ஓவர். ஆனால், கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்த ஒருவரின் தூக்கத்தை ஒரு டிவி படம் கெடுத்தது என்பது சின்ன விஷயமில்லை.

அதைவிடக் கொடூரம், 1984-ல் பிபிசி எடுத்த 'த்ரெட்ஸ்'. ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் காதலனும் புதுவீட்டுக்கு வால்பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர்ச் செய்தி டிவியில் ஓரமாக ஓடுகிறது, யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. குண்டு விழுகிறது. படம் அங்கே முடியாது. 13 வருஷம் நீள்கிறது. விவசாயம் பொய்த்து, ஆஸ்பத்திரி இல்லாமல், பேச்சே ஒழுங்காக வராத ஒரு தலைமுறை வளர்கிறது. காப்பாற்ற ஹீரோ யாரும் வருவதில்லை.

இன்றைய பயம் பருவநிலை மாற்றம். அதைச் சொல்ல வந்த 'டோன்ட் லுக் அப்' (2021) ஒரு வால்நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. கிண்டல் சூப்பர், உவமைதான் இடிக்குது. வால்நட்சத்திரம் மோத ஒரு தேதி உண்டு, ஒரே அடியில் எல்லாம் முடிந்துவிடும். வெப்பம் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு கோடையாக, முதலில் வெயிலில் வேலை செய்கிறவர்களைத்தான் பிடிக்கிறது. அதைப் படமாக்க கோடிக்கணக்கில் கிராபிக்ஸ் தேவையில்லை. வால்பேப்பர் ஒட்டும் அந்த ஜோடி மாதிரி இரண்டு பேரும், அவர்களை 13 வருஷம் விடாமல் பின்தொடரும் பொறுமையும் போதும். ஓடிடி தளங்கள் அதுக்குப் பணம் போடுமா என்பதுதான் சந்தேகம்.