தோற்கும்போதும் கூட இருப்பவர்கள்



ஆகஸ்ட் நெருங்குகிறது. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் இனி பஸ்களும் வான்களும் லொறிகளும் தலவிலவை நோக்கி வரிசை கட்டும். பாய், சட்டி பானை, அரிசி மூட்டை, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும் சனம், புனித அன்னாள் ஆலய வளவில் கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்கும். சிங்களப் பூசையும் நடக்கும், தமிழ்ப் பூசையும் நடக்கும். அன்னம்மாளைத் தேடி இந்துக்களும் பௌத்தர்களும் கூட வருவார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "மட்ச் என்றால் தொண்டை கிழியக் கத்துகிறான், கோயிலில் வாயைத் திறக்கிறான் இல்லை" என்று நம் இளைஞர்களைக் கடியும் பிரசங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புத்தளம் கரையோரத்துக் கத்தோலிக்கருக்கு உற்சாகத்தில் என்ன குறை? கொடியேற்றத்துக்கு வெடி, சுரூபம் ஊர்வலம் வர பாண்ட் வாத்தியம், வீதியெங்கும் தோரணம். மைதானத்துப் பப்பரே வாத்தியமும் நம் திருநாள் பாண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். சிலாபத்திலிருந்து முதல்தரக் கிரிக்கெட் ஆடும் கழகத்தின் பெயர்கூட மேரியன்ஸ்.

குறை திருநாளில் இல்லை. திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றில்தான் இருக்கிறது.

விளையாட்டு ரசிகரிடம் நாம் கற்க வேண்டியது கூச்சல் அல்ல, தோல்விக் காலத்தில் அவர் நடந்துகொள்ளும் விதம். 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணத் தொடர்களிலும் சேர்த்து இலங்கை வென்ற ஆட்டங்கள் நான்கே நான்கு. 1987இல் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷங்களில் வானொலிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் 1996 மார்ச் 17ஆம் தேதி லாகூரில் கிடைத்த உலகக் கிண்ண வெற்றியை உண்மையில் அனுபவித்தவர்கள். மற்றவர்களாகிய நாங்கள் பட்டாசு கொளுத்தினோம், அவ்வளவே. தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு பல தசாப்தங்கள் மைதானம் மைதானமாகத் திரிந்த பெர்சி அபேசேகர என்ற 'அங்கிள் பெர்சி'யை நினைத்துப் பாருங்கள். அணி உதை வாங்கும் நாளிலும் அந்தக் கொடி இறங்கவில்லை. 2023 அக்டோபரில் அவர் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஆசியக் கிண்ணத்துக்காகக் கொழும்பு வந்திருந்த இந்திய அணித் தலைவர் ரோஹித் சர்மா அவருடைய வீட்டுக்கே போய் நலம் விசாரித்தார். எதிரணித் தலைவர் தேடிவந்து பார்க்கும் ரசிகர்!

இப்படிப்பட்ட ஆட்கள் நம் சபையிலும் இருந்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு, ஏறக்குறைய முப்பது வருஷம் இந்த நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லை. கோயில்கள் பறிபோயின. வென்ற பக்கத்துக்குப் போய்விடுவது இலகுவாக இருந்தது. பலர் போகவும் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபம் சொன்னார்கள். 1687இல் கூலியாள் வேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் முனிவர் தேடிக் கண்டுபிடித்தது அவர்களைத்தான். 1690இல் அவர் நம் புத்தளத்துக்கு வந்தார். இங்கிருந்துதான் 1692இல் கண்டிக்குப் போனார். போகுமிடமெல்லாம் ஒரு மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்துவிட்டுப் போனார். குரு வர மாதங்கள் ஆகலாம், வராமலே போகலாம், செபம் நிற்கக்கூடாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் தேதி காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் ஊர்களிலிருந்தும் சனம் திரண்டு போனது. ஆனால் சுவாமி ஒரு கிழமை இல்லையென்றால் கோயில் கதவே திறக்காத பங்குகளும் இன்று இருக்கின்றன. மூப்பர் எங்கே போனார்?

அந்தப் பிரான்சிஸே ஒரு பெரிய உதைபந்துப் பைத்தியமாக இருந்தவர். அவர் சந்தா கட்டிய சான் லொரென்சோ கழகத்தின் பிறப்பே ஒரு கோயில் வளவில்தான். புவெனஸ் ஐரிஸ் வீதியில் பந்தடித்துக்கொண்டிருந்த பையன்கள் டிராம் வண்டியில் அடிபடப் பார்த்ததைக் கண்ட லொரென்சோ மாசா என்ற குரு, கோயில் முற்றத்தைத் திறந்துவிட்டார். ஞாயிறு பூசைக்கு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 1908இல் அது கழகமானது. நம் கோயில் வளவுகளில் சிலவற்றில் 'இங்கே விளையாடக் கூடாது' என்ற பலகையைத்தான் பார்க்கிறேன். பந்து பட்டு உடையும் கண்ணாடியின் விலையை அறியாமல் பேசவில்லை.

இன்னொன்று. மைதானத்தில் பக்கத்தில் வந்து உட்காரும் ஆளை யாரும் 'நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை' என்று விசாரிப்பதில்லை. ஸ்கோர் சொல்வார்கள், கடலைச் சுருளை நீட்டுவார்கள். நம் கரையிலோ, பருவத்துக்கு வாடி போட்டுத் தொழில் செய்ய வேறு ஊரிலிருந்து வரும் குடும்பங்கள் கடைசி வாங்குக்குப் பின்னால் நின்று பூசை கண்டுவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகின்றன.

ரசிகர்களிடம் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 1996 மார்ச் 13ஆம் தேதி கல்கத்தாவில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா தோற்கத் தொடங்கியதும் போத்தல்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன; ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுக்க வேண்டி வந்தது. நாம் அதைப் பார்த்து முகம் சுளித்தோம். ஆனால் 2019 மே மாதம் நம் சிலாபத்திலேயே பள்ளிவாசல்கள் மீதும் முஸ்லிம் கடைகள் மீதும் கல் விழுந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளின் துயரம் ஆறாத நாட்கள் அவை, உண்மைதான். அதற்காக அது நியாயமாகிவிடாது. தன் அணிமேல் உள்ள பற்று மற்ற அணிமேல் வெறுப்பாகத் திரும்பினால், அதைப் பக்தி என்று யாரும் அழைக்க வேண்டாம். இதில் எனக்கு அங்கிள் பெர்சிதான் முன்மாதிரி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தலவிலவிலிருந்து வீடு திரும்பி, களைப்பாறி, அடுத்து வரும் ஞாயிறன்று உங்கள் ஊர்க் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். பத்து நிமிஷம் முந்திப் போங்கள். பின்னால் நிற்கும் குடும்பத்தை அழைத்துப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். உங்கள் பங்கில் கோயில் வளவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருந்தால் அதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்