கடைசியில் வருபவனின் ஓய்வு

வெள்ளியங்கிரி மலைக்கு மாசி, பங்குனி மாதங்களில் கூட்டமாகச் செல்லும் கல்லூரி இளைஞர்களைக் கவனித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகவே புறப்படுகிறார்கள். முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே கூட்டம் பிரிந்துவிடுகிறது. கால்வலு மிக்க நால்வர் விரைந்து ஏறி, ஓரிடத்தில் அமர்ந்து காத்திருக்கிறார்கள். இருபது நிமிடம் கழித்துக் கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டான், கிளம்பலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு இருபது நிமிடம். மிகத் தேவைப்பட்டவனுக்கு ஒரு நிமிடமும் இல்லை.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அப்படியன்று என்பதே என் கருத்து. அந்த வயதில் களைப்பை ஒப்புக்கொள்வது அவமானம். "கொஞ்சம் உட்காரலாமா" என்று கேட்கக் கூசுகிறவன், நெஞ்சு அடைப்பதையும் தலை சுற்றுவதையும் சொல்லக் கூசுவான். 2024ஆம் ஆண்டு இம்மலையில் ஏறியோர் சிலர் உயிரிழந்த செய்திகளை நாம் வாசித்தோம். அவற்றுக்கு வேகம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உடல் தரும் எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத குழு ஆபத்தானது என்கிறேன்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வோர் 2000 அடி ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இன்றும் பலர் பயன்படுத்தும் கணக்கு இது. ஆனால் இது நல்ல உடல்வலுவுள்ளவர் நிற்காமல் நடப்பதற்கானது. இளைப்பாறும் நேரம் இதில் சேராது. பலதரப்பட்டவர் உள்ள குழுவுக்கு அதைத் தனியே கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் அமர்ந்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். மெதுவாக நடப்பவனை முன்வரிசைக்கு அருகில் விட்டு, அனுபவமுள்ள ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே குழுவின் வேகம். பேச்சு அறுபட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். அடிக்கடி ஐந்து நிமிடம் நின்று, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிப்பது நல்லது. வியர்த்த உடலோடு மலைக்காற்றில் நெடுநேரம் அமர்ந்தால் குளிர் ஏறும், தசைகள் இறுகும்.

"இப்படிப் போனால் எப்போது உச்சியை அடைவது?" என்று முன்னால் செல்பவர்கள் கேட்பார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள் என்பதே விடை. அதுவும் இயலாதெனில், எல்லோருமாக ஐந்தாம் மலையிலிருந்து திரும்புவதில் இழுக்கு ஒன்றுமில்லை. இறங்குவதற்கும் கால்களில் வலு மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா?