பக்கத்து வீட்டு ஆயா

மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. வெஜ் மட்டும்." கீழே நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். எனக்கும் ஆள் தேவைதான். ஆனால் 'வெஜ்' என்றால் என்ன பொருள் என்று அம்பத்தூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என்னை வளர்த்தது ஒரு ஆயா. சொந்த ஆயா இல்லை, பக்கத்து வீட்டு ஆயா. தொண்ணூறுகளில் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர ஆறு மணி, ஓவர்டைம் இருந்தால் எட்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அம்மாவின் கம்பெனியில் அப்படி ஒரு அறை இருந்ததாம். அதில் துணி பண்டல்களைப் போட்டு வைத்திருந்தார்களாம்.

எனவே ஆயா. பட்டரவாக்கத்தில் லைன் வீடு, ஐந்து குடும்பம், ஒரு அடிபம்பு. நாங்கள் சேரியிலிருந்து வந்தவர்கள், ஆயா வேறு சாதி. சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அவர்தான். அவருடைய ஊர்க்காரர்கள் வரும் நாட்களில் மட்டும் என் தட்டு வாசலுக்கு வந்துவிடும். "கொஞ்ச நேரம் வெளிய குந்திக்கினு துன்னு கண்ணு" என்பார். அந்தக் குரலில் இருந்த கூச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு சாரா ஹர்டி என்ற அமெரிக்க மானுடவியலாளரின் எழுத்துகளைப் படித்தேன். இரவில் பால் கொடுத்தபடி செல்போனில் படித்ததுதான். மனிதக் குரங்குகளோடு நம்மை ஒப்பிட்டு அவர் கேட்ட கேள்வி எளிமையானது. சிம்பன்சித் தாய் தன் குட்டியைப் பல மாதங்களுக்கு வேறு யாரையும் தொட விடாது. அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மனிதக் குழந்தையோ அதைவிட நீண்ட காலம் பிறரைச் சார்ந்திருக்கிறது. ஆனாலும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் சமூகங்களில் மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த குழந்தை பிறந்துவிடுகிறது. ஒரு தாய் தனியாக இத்தனை வயிறுகளை நிரப்பியிருக்க முடியுமா? முடியாது என்கிறார் ஹர்டி. பிறர் தூக்கினார்கள், பிறர் ஊட்டினார்கள், அதனால்தான் நம் இனம் பிழைத்தது என்பது அவருடைய வாதம். பிறர் முகம் பார்த்து மனதைப் படிக்கும் நம் திறமையே அந்தப் பல கைகளில் வளர்ந்ததால் வந்தது என்கிறார்.

தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினரும் கிட்டத்தட்ட இதையே கண்டார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும், பால் மறந்த மூத்த பிள்ளையின் எடை பாட்டி தோண்டி வரும் கிழங்கைப் பொறுத்திருந்தது. இன்று வாழும் மக்களை ஆதிமனிதரின் நகல் என்று கொள்ளக் கூடாது, அது வேறு வகை இழிவு. ஆனால் தடயம் தடயம்தான்.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, நம் கூட்டுக் குடும்பத்தின் பெருமையை!" என்று கிளம்பும் மாமாக்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். வேட்டையாடி உணவு சேகரிக்கும் 32 சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ஒரே குழுவாகச் சேர்ந்து வாழ்பவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய இரத்த உறவினர்கள் இல்லை என்று அது காட்டியது. குழந்தையைச் சுற்றி இருந்தது வம்சம் அல்ல, அக்கம்பக்கம். சாதி அதைத்தான் உடைத்தது. கூட்டுக் குடும்பம் என்பது அகமணத்தால் வேலி போட்ட வீடு. அதற்குள்ளும் வேலை மருமகள் தலையில்தான்.

அந்த வேலிக்கும் ஒரு வசதியான திட்டிவாசல் உண்டு. நம் ஊர்களில் பிள்ளை பிறந்ததும் முதலில் ஏந்தியது மருத்துவச்சியின் கை. தொப்புள்கொடி அறுக்கும் வரை அந்தக் கை வேண்டும், அறுத்த பிறகு தீட்டு. 2018இல் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய திட்டம் அது. நமக்குப் பால்வாடி. அங்கே உதவியாளரை நாம் 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறோம். யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் ஒரே பாயில் உட்கார வைக்கும் இடம் நம்மிடம் இருக்கிறது என்றால், இதுதான். ஆனால் அந்த ஆயாக்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல்தான் சொன்னது. அவர்கள் இன்னும் முழு அரசு ஊழியர்கள் இல்லை. ஷிப்ட் முடியும் முன்பே பால்வாடி பூட்டிவிடும். கைக்குழந்தைக்கு அங்கே சத்துமாவு உண்டு, தூங்க இடமில்லை. எஸ்டேட் ஷிப்டுக்கு ஈடாகத் திறந்திருக்கும், கைக்குழந்தையையும் ஏற்கும் பால்வாடி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கு முழுச் சம்பளம் வேண்டும். 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், அந்தச் செலவில் பெரும்பங்கு அரசினுடையது, முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. என் அலுவலகத்தில் கேட்டால் அண்ணா நகரில் ஒரு காப்பகத்தின் முகவரியைத் தருகிறார்கள். போய்ப் பால் கொடுத்துத் திரும்ப அரை நாள் ஆகும். பதினோரு பேர் சேர்ந்து கடிதம் எழுதினோம். ஹவுஸ்கீப்பிங்கில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கும் அதே அறை, அதே தொட்டில் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இரண்டு பேர் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஆறு பேர் போட்டிருக்கிறார்கள். கடிதம் திங்கட்கிழமை போகிறது.