சக்கரமில்லாத வண்டிக்கு பிரேக் எங்கே?

கேள்வி: "எங்கள் மலையில் எலுமிச்சை, வாழைத்தார் எல்லாம் குதிரை முதுகில்தான் கீழே இறங்குகின்றன. பனி நாட்டில் இரண்டு குதிரைகள் சக்கரமே இல்லாத வண்டியில் பெரிய பெரிய மரத்தடிகளை இழுத்து வருவதை ஒரு படத்தில் பார்த்தேன். இறக்கத்தில் அந்த வண்டி குதிரை மேல் மோதாதா? அதற்கு பிரேக் உண்டா? அதுபோல ஒன்றைச் செய்து எங்கள் தோட்டத்துப் பாதையில் மூட்டை இறக்கலாமா?" - சிறுமலையிலிருந்து ஒரு வாசகர்.

மோதும். பிரேக் சரியில்லாவிட்டால் கட்டாயம் மோதும். அப்படி மோதிக் குதிரைகள் செத்தது வட அமெரிக்க மரவெட்டு முகாம்களில் புதிய செய்தி அல்ல. அதனால்தான் அந்தச் சறுக்கு வண்டியை நிறுத்த, அதைவிட முக்கியமாக அதன் வேகத்தைப் பிடித்து வைக்க, அங்கிருந்தவர்கள் விதவிதமாக வழி தேடினார்கள்.

மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ, சக்கரம் உள்ள வண்டிக்குப் பழைய பிரேக் என்பது சக்கரத்தைச் சுற்ற விடாமல் செய்வதுதான். பட்டாவில் கட்டையை அழுத்துவார்கள். செங்குத்தான இறக்கமாக இருந்தால் சங்கிலி போட்டுச் சக்கரத்தையே கட்டிவிடுவார்கள். சுற்றாத சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும், வேகம் அடங்கும். அதாவது, உருளும் வண்டியைச் சறுக்கும் வண்டியாக மாற்றுவதுதான் பிரேக். பிறந்ததிலிருந்தே சறுக்கும் வண்டிக்கு என்ன செய்வது? கட்டிப்போட அதில் எதுவும் இல்லையே!

இதில் எவ்வளவு பலம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நன்றாக உறைந்த பனிக்கட்டிப் பாதையில் இரும்புப் பட்டை அடித்த சறுக்குக் கட்டைகள் ஓடும்போது, உராய்வு சுமார் நூற்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 டன் சுமையைச் சமதளத்தில் இழுக்க 200 கிலோ இழுவை போதும். ஒரு கனரகக் குதிரை 750 கிலோ எடை இருக்கும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவையை அது நெடுநேரம் தாங்கும் என்பது பழைய கணக்கு. கிளப்பும்போதும் மேடு வரும்போதும் கொஞ்ச நேரத்துக்கு அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஆகவே ஒரு ஜோடியால் 10 டன் சுமையை இழுக்க முடியும், ஆனால் சமதளத்தில் நெடுநேரத்துக்கு அது கொஞ்சம் அதிகம்.

இப்போது அதே பாதை, 10 அடிக்கு 1 அடி இறங்குகிறது. சுமை தன் எடையாலேயே சுமார் 1 டன் பலத்துடன் கீழே தள்ளும். உராய்வு அதில் 200 கிலோவைப் பிடித்துக்கொள்ளும். மீதி 800 கிலோ? அதைக் குதிரைகள்தான் பின்பக்கத்தால் தாங்க வேண்டும். இழுக்கும்போது ஆளுக்கு 100 கிலோ. இறங்கும்போது ஆளுக்கு 400 கிலோ, அதுவும் காலுக்கடியில் பனிக்கட்டியோடு.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 50 அடிக்கு 1 அடி இறங்கும் பாதையில் சுமை தள்ளுவதும் உராய்வு பிடிப்பதும் சமமாகிவிடும். வண்டி குதிரையை இழுக்கவும் விடாது, தள்ளவும் செய்யாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா பகுதிகளில் மரம் வெட்டியவர்கள், சுமையோடு போகும் திசை மெல்ல இறங்கும்படி பாதை போட்டது இதனால்தான். இரவில் தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டியை ஓட்டி, பாதை நெடுகத் தண்ணீர் தெளித்து உறையவைப்பார்கள். சறுக்குக் கட்டைகள் தடம் மாறாமல் இருக்க இரண்டு பள்ளத் தடங்களும் வெட்டுவார்கள். காலி வண்டி திரும்பி வருவதற்குத் தனிப்பாதை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மிச்சிகனில் 50 மரத்தடிகளை ஒரே வண்டியில் அடுக்கி இரண்டே குதிரைகளால் இழுக்கவைத்த படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது விளம்பரத்துக்குச் செய்த சாகசம்; தினசரி வேலை அல்ல. அந்தப் படத்தைப் பார்த்து வியப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் சுமையோடு ஒரு சரிவில் இறங்கியிருந்தால் அந்த ஜோடியின் கதி என்ன?

மலைப்பகுதியில் பாதையை எவ்வளவு வளைத்துப் போட்டாலும் சில செங்குத்து இறக்கங்களைத் தவிர்க்க முடியாது. அங்கே முதல் பிரேக் குதிரையின் சேணத்திலேயே இருக்கிறது. குதிரையின் பின்தொடைகளைச் சுற்றி, வாலுக்குக் கீழே, அகலமான தோல்வார் ஒன்று போகும். ஆங்கிலத்தில் பிரீச்சிங் என்பார்கள். அதை ஏர்க்காலோடு இணைத்திருப்பார்கள். வண்டி முன்னால் தள்ளினால், குதிரை அந்த வாரில் உட்காருவது போலப் பின்னுக்குச் சாய்ந்து தடுக்கும். இந்த வார் இல்லாவிட்டால் தள்ளும் பாரம் முழுதும் கழுத்துக்கு வந்துவிடும். நுகத்தடி கழுத்தில் ஏறி அழுத்த, இறக்கத்தில் தவிக்கும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாடத்தில் கூரான இரும்புப் பற்களும் இருக்க வேண்டும். மழுங்கிய லாடத்தோடு பனிக்கட்டி இறக்கத்தில் இறங்கும் குதிரைக்கு எவ்வளவு நல்ல வார் கட்டினாலும் பயனில்லை. உட்காரப் பார்க்கும், ஆனால் கால் நிற்காது.

சேணம் என்பது சின்ன இறக்கத்துக்குத்தான். அடுத்தது சங்கிலி. கனமான இரும்புச் சங்கிலியைச் சறுக்குக் கட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டால், கட்டைக்கும் பனிக்கும் நடுவே சங்கிலிக் கண்ணிகள் மாட்டிக்கொண்டு கீறியபடி வரும். ஆல்ப்ஸ் மலைக் குடியானவர்கள் உயரத்துப் புல்வெளிகளின் கொட்டகைகளில் சேர்த்த வைக்கோலைக் குளிர்காலத்தில் கைச்சறுக்கு வண்டிகளில் இறக்கியபோதும் இதே வேலையைத்தான் செய்தார்கள். செலவில்லாத உபாயம். ஆனால் செய்முறை தெரிந்திருக்க வேண்டும். சங்கிலியை இறக்கம் தொடங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும். பாதி இறக்கத்தில் நிறுத்தி மாட்ட முடியாது. இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பிக் குறுக்கே நின்றுவிடும். முன்னும் பின்னுமாக இரட்டைச் சறுக்கு வைத்த வண்டியில் முன்சறுக்கில் மட்டும் போட்டால், பின்சறுக்கு முன்னதை முந்தப் பார்த்து வண்டி மடியும். டிராக்டர் ட்ரெய்லர் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த அதே ஆபத்துதான். கீழே போனதும் கழற்ற மறந்தால், சமதளத்தில் குதிரைதான் சங்கிலியையும் சேர்த்து இழுத்துச் சாகும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. மரத்தடிகளின் முன்முனையை மட்டும் சிறிய சறுக்கு வண்டியில் ஏற்றிக் கட்டி, பின்முனையைத் தரையில் இழுபட விடுவது. மெய்ன் மாநிலக் காடுகளில் வெட்டிய இடத்திலிருந்து சேர்க்கும் களம் வரை இப்படித்தான் கொண்டுவந்தார்கள். அந்த இழுபடும் வால்தான் பிரேக். சுமை குறைவாகத்தான் ஏறும்; குதிரை பிழைக்கும்.

சங்கிலி பனிக்கட்டித் தடத்தைக் கீறிக் கெடுத்துவிடும் என்பதால், பெரிய பாதைகளில் வண்டிக்குப் பதிலாகப் பாதைக்கே பிரேக் போட்டார்கள். இறக்கத்தில் வைக்கோலையோ மணலையோ தூவுவது. மேலே சொன்ன கணக்குப்படி, 10 அடிக்கு 1 அடி இறக்கத்தில் உராய்வை நூற்றில் இரண்டிலிருந்து நூற்றில் பத்தாக உயர்த்திவிட்டால் குதிரை எதையும் தாங்க வேண்டியதில்லை. சும்மா நடந்து வந்தால் போதும். இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. முகாம் பேச்சில் அவருக்கு 'ரோடு மங்கி', பாதைக் குரங்கு, என்று கேலிப் பெயர். சமதளத்தில் விழுந்த சாணத்தை அள்ளுவதும் அவர் வேலை, ஏனென்றால் அது கட்டையில் ஒட்டினால் வண்டி நின்றுபோகும். இறக்கத்தில் வைக்கோல் போடுவதும் அவர் வேலை.

கேலிப் பெயர் வாங்கிய இந்த மனிதரின் கையில்தான் வண்டிக்காரரின் உயிரும் குதிரைகளின் உயிரும் இருந்தன. வைக்கோல் கொஞ்சம் குறைந்தால் வண்டி குதிரையைத் துரத்தும். கொஞ்சம் கூடினால் வண்டி இறக்கத்தின் நடுவே நின்றுவிடும். நின்ற சறுக்குக் கட்டை பனியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டிப் பெயர்த்துக் கிளப்புவதற்குள் பின்னால் அடுத்த சுமை வந்து நிற்கும். இரவில் புதுப்பனி விழுந்தால் ஓர் அளவு, வெயில் அடித்து மேற்பரப்பு இளகி மறுபடி உறைந்தால் வேறோர் அளவு. முந்தைய வண்டி எவ்வளவு வைக்கோலை வாரிக்கொண்டு போனது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். முகாமில் மிகக் குறைந்த கூலிக்காரர்களில் ஒருவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பை விட்டிருந்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

வைக்கோலும் போதாத செங்குத்தான இடங்களில், வண்டியின் பின்னால் வடம் கட்டி, மேலே உள்ள அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, மெல்ல மெல்ல விட்டுக் கொடுத்து இறக்கினார்கள். கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கும்போது கயிற்றை மரத்தில் சுற்றி விடுவதில்லையா, அதே தந்திரம். சுற்று கூடக்கூடப் பிடி பல மடங்கு கூடும். டன் கணக்கில் சுமை வரும்போது கயிறு தேய்ந்து புகையும். ஆள் கையால் பிடித்து மாளாது.

இதை இயந்திரமாக்கியதுதான் பாரிஞ்சர் பிரேக். நியூயார்க் மாநிலத்தின் கார்த்தேஜ் என்ற ஊரில் ரைதர் அண்ட் பிரிங்கிள் நிறுவனம் இதைச் செய்து விற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிலிருந்த அடிராண்டாக் மலைக்காடுகளிலும் பிற இடங்களிலும் ஓடியது. பள்ளம் வெட்டிய நான்கு இரும்புச் சக்கரங்கள், அவற்றினூடே வளைந்து வளைந்து போகும் எஃகு வடம், சக்கரங்களை அழுத்திப் பிடிக்க நெம்புகோல்கள். மொத்தத்தையும் இறக்கத்தின் உச்சியில் உறுதியான அடிமரத்தோடு சங்கிலியால் கட்டிவிடுவார்கள். வடத்தின் ஒரு முனையைச் சுமை வண்டியின் பின்னால் மாட்டி, பிரேக் ஆள் நெம்புகோலைத் தளர்த்தத் தளர்த்த வண்டி இறங்கும். அது கீழே போய்ச் சேரும்போது வடத்தின் மறுமுனை மேலே வந்திருக்கும். அடுத்த வண்டியை அதில் மாட்ட வேண்டியதுதான். நேரம் வீணாகாத ஏற்பாடு.

முன்னால் குதிரைகள் அப்படியே பூட்டியிருக்கும், ஆனால் தாங்க வேண்டியது எதுவும் இல்லை. வடம் அறுந்தால் மட்டும் தப்ப வழியில்லை. வண்டிக்காரர் பக்கவாட்டில் குதிக்கலாம். ஏர்க்காலோடு பூட்டிய குதிரைகள் எங்கே குதிக்கும்?

இனி சிறுமலைக் கேள்வியின் கடைசிப் பகுதி. மண் பாதை பனிக்கட்டி அல்ல. காய்ந்த மண்ணில் மரக்கட்டை உராய்வது சுமையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதி வரைகூட இருக்கும். அதனால் சாதாரண இறக்கத்தில் சறுக்கு வண்டி தானாக நகராது. குதிரைதான் இழுக்க வேண்டும், அதுவும் கஷ்டப்பட்டு. பாதையும் உழுததுபோல் கிழிந்து, அடுத்த மழையில் ஓடையாகிவிடும். ஈரக் களிமண்ணிலோ கதை வேறு. உராய்வு சட்டென்று இறங்கிவிடும். முதுகுச் சுமைக்குப் பழகிய சிறிய குதிரைக்கு, பின்னால் ஒரு பாரம் தள்ளும்போது தடுத்து நிற்கப் பழக்கமும் இல்லை. அதன் சேணத்தில் அதற்கான வாரும் இல்லை. பொதிச் சேணம் முன்னால் நழுவாமல் வாலடியில் கட்டும் கயிறு இந்த வேலைக்கு உதவாது. அதில் வண்டிப் பாரம் விழுந்தால் வாலடி அறுந்து புண்ணாகும்.

செய்துதான் பார்ப்பது என்றால், முதலில் குதிரை இல்லாமல் பார்க்க வேண்டும். பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில், மூட்டை ஏற்றிய சறுக்குப் பலகையைப் பின்னாலுள்ள மரத்தில் கயிற்றால் கட்டிவிட்டு, கயிற்றை மெல்லத் தளர்த்த வேண்டும். கீழ்ப்பக்கம் ஆள் யாரும் நிற்கக் கூடாது. பலகை அசையாமல் நின்றால், காய்ந்த நாளில் அந்த இடத்தில் அது தானாகக் கிளம்பாது. தானாக நகர்ந்தால், பிரீச்சிங் வாரும் பின்னால் கயிறோ சங்கிலியோ இல்லாமல் குதிரையைப் பூட்டக் கூடாது. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே மூட்டையோடு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.